பெற்றவள் கையெழுத்து

நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்தில் வரப்புத் தகராறுக்கு வருகிறவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். பாகப்பிரிவினைக்காரர்கள் அதைவிடச் சத்தமாக. பிள்ளை எடுக்க வருகிறவர்கள் மட்டும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். 1983-இல் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த எனக்கு இது முதலில் விளங்கவில்லை. களவு செய்யவா வந்திருக்கிறார்கள்? போகப் போகத்தான் தெரிந்தது. ‘விசேஷம் ஒண்ணும் இல்லியா?’ என்று கல்யாண வீட்டிலும் குளத்தங்கரையிலும் கோயில் வாசலிலும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றி வந்தவர்கள் அவர்கள்.

எங்கள் சீனியருக்கு ஒரு வழக்கம் உண்டு. தத்துக் காரியம் என்று தெரிந்தால், எடுக்க வந்தவர்களை வெளித்திண்ணையில் இருத்திவிடுவார். கொடுக்கிறவளை மட்டும் உள்ளே கூப்பிடுவார். அவளுக்குக் காப்பி வரவழைப்பார். பிறகு, ‘அம்மா, இது உனக்க மனசா, மாமியாருக்க மனசா?’ என்று கேட்பார். பணம் கட்டுகிற கட்சிக்காரர் வெளியே வெயிலில் இருக்க, பைசா தராதவளுக்கு உள்ளே உபசாரம். இப்படித் தொழில் செய்தால் எப்படி உருப்படும் என்று நான் நினைத்ததுண்டு.

தோவாளையில் பூக்கட்டுகிற ஒரு பெண். மூன்றாவது பையனை, கணவரின் பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. நாள் குறித்தாகிவிட்டது, வேட்டி, சேலை, மாலை, போட்டோ எடுப்பவர் எல்லாம் தயார். சீனியர் கேட்டதும் அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: ‘மனசுதான் சாரே. மயினி கையில நல்லா வளருவான். ஆனா இன்னும் ஒரு நாலு மாசம் பால் குடுத்துட்டுத் தாறனே.’ சீனியர் கேஸ் கட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அண்ணன்காரருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நல்ல நாள் போச்சு, செலவு போச்சு என்று வாசலில் நின்று கத்தினார். ஆனால் பால்குடி மறந்ததும் அவளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தன் கையால் தூக்கி மயினியின் மடியில் வைத்தாள். அதை நான் பத்திரத்தில் எழுதினேன்.

அந்தக் கொடுத்து வாங்குதல்தான் இந்துக்களின் தத்துக்கு உயிர். 1956-ஆம் வருடத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தத்த ஹோமம் கட்டாயமில்லை. பத்திரம்கூடக் கட்டாயமில்லை, பதிவு செய்தால் கோர்ட்டு நம்பும், அவ்வளவுதான். பெற்றவர்கள் கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் வாங்க வேண்டும், கை மாறும்போது காசு மாறக்கூடாது. பிள்ளை 15 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மகன் இருந்தால் இன்னொரு மகனை எடுக்க முடியாது. மகள் இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது. ஆண் பெண்பிள்ளையை எடுத்தாலோ, பெண் ஆண்பிள்ளையை எடுத்தாலோ, இருவருக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும். ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான், ரத்து கிடையாது. பிறந்த வீட்டோடு உறவு அற்றுப்போகும். ஆனால் கல்யாணம் பேசும்போது மட்டும் பிறந்த வீட்டு முறை தொடரும், விலக்கப்பட்ட உறவில் கட்டமுடியாது. எங்கள் ஆபீசில் இதெல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும். சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்த் திரும்பி, கோட்டாறு கடையில் சாப்பாடும் முடிந்திருக்கும்.

1991-இல் என் அக்காளும் அத்தானும் அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, சீனியர் அவர்களை வெளியே இருத்தவில்லை. உள்ளே கூப்பிட்டார். ‘உங்களுக்குச் சட்டம் இல்லியே’ என்றார்.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள். இந்த மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அந்தப் பாதிப்பேருக்கும் முஸ்லிம்களுக்கும் அன்றைக்குத் தத்து என்று ஒன்று சட்டத்தில் இல்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக 1972-இல் ஒரு மசோதா வந்தது, 1980-இல் இன்னொன்று வந்தது, இரண்டும் சட்டமாகவில்லை. எங்களுக்கு இருந்தது வெள்ளைக்காரன் 1890-இல் போட்ட கார்டியன் சட்டம். அதன்படி ஜில்லா கோர்ட்டில் ஓ.பி. போட்டுப் பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆகலாம். அம்மா ஆக முடியாது, அப்பா ஆக முடியாது. சொத்தில் பிள்ளைக்குத் தானாக ஒரு சென்ட் வராது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: கோர்ட்டு நியமித்த கார்டியன் இருக்கிற பிள்ளை அப்போது 18-இல் மேஜர் ஆகாது, 21 வரைக்கும் மைனர்தான். 1999-இல்தான் அதை மாற்றினார்கள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் தொடங்கி வேலூர் வரைக்கும் போய் வந்தாயிற்று. அத்தானுக்குக் குலசேகரம் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை. அதிகாலையில் பால்வெட்டுக்காரர்களோடு மலையேறிப் போய்விடுவார். அக்காள் பகல் முழுக்க வீட்டில் தனி. பெண்பிள்ளைதான் வேண்டும் என்பதில் இரண்டுபேருக்கும் ஒரே வாக்கு. சீனியர் அதைக் கேட்டு, ‘ராஜகுடும்பத்து வழக்கம்லா’ என்று சிரித்தார். மற்ற ராஜ்யங்களில் கொள்ளி போட ஆண்பிள்ளை தேடியபோது, திருவிதாங்கூரில் மருமக்கள் வழி என்பதால் வாரிசு தர இளவரசிகள் வேண்டியிருந்தது. 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுத்தார்களே, சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய், இரண்டுபேரும் ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள். அதில் மூத்தவர் பின்னால் 1924 முதல் 1931 வரை ரீஜெண்டாக இருந்து எங்கள் ஊரையும் சேர்த்து ஆண்டார். சீனியருக்கு இதெல்லாம் விரல் நுனியில். அக்காளுக்கு அப்போது கேட்கிற நிலைமை இல்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஆள் அவர்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தான்.

ஆள் நல்ல மரியாதைக்காரன். வேதம் படித்தவன் மாதிரிப் பேச்சு. ஒரு நர்சிங் ஹோமில் கல்யாணம் ஆகாத பிள்ளை ஒன்று மாசமாக இருக்கிறது, நாலு மாதத்தில் பிரசவம். ‘நீங்க வயித்தில துணியக் கட்டிக்கிட்டு உங்க அம்மை வீட்டுல போய் இரிங்க. பொறவு பிள்ளையோட வாங்க. பர்த் சர்ட்டிபிகேட்டுல தாய்ங்கிற எடத்துல உங்க பேருதான் இருக்கும். ஒரு எளவு கேள்வி வராது.’ 15,000 ரூபாய். பாதி இப்போது, பாதி பிள்ளை கைக்கு வந்ததும்.

அத்தான் எனக்குத் தனியாகச் சொன்னார்: ‘மச்சினா, அது நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது. கோர்ட்டுல போனா இவ கார்டியன். அவன் சொல்லியபடி போனா இவ அம்மை.’

இதற்கு நான் என்ன சொல்ல? அவர் சொன்னதில் பிசகு இல்லை. பொய்யான வழியில் போனால் காகிதத்தில் தாய் ஆகலாம். நேரான வழியில் போனால் காகிதத்தில் வெறும் பாதுகாவலர். இந்த நாட்டுச் சட்டம் நேர்மையானவர்களுக்கு அன்றைக்கு வைத்திருந்த பரிசு அது. புரோக்கர்கள் பிழைத்ததற்கு ஆசை மட்டும் காரணம் என்று சொல்கிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. பாதி மாவட்டத்துக்குக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, கொல்லைப்புறம் ஏன் ஆள் நடமாட்டம் என்று கேட்டால் எப்படி?

சீனியர் அந்த ஆளைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார். ‘பெத்தவ கையெழுத்து எங்க?’

‘அதெல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்களாம் சார்.’

‘அவ மனசோட குடுத்தாளா, மயக்க மருந்துல கெடந்தாளா, பிள்ளை செத்துப் போச்சுன்னு சொல்லி வெளிய அனுப்பினாங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்து வருசம் கழிச்சு அவ வந்து வாசல்ல நின்னா என்னத்தக் காட்டுவீங்க? உங்க பிள்ளை ஒரு நாள் கேட்டா என்னத்தக் காட்டுவீங்க?’

அக்காள் அதுவரை பேசவில்லை. ‘காட்டறதுக்கு ஒண்ணும் இல்லன்னா வேண்டாம் சார்’ என்றாள். அத்தான் முகம் விழுந்துபோனது. ஆனால் அந்த ஆள் மறுபடி வந்தபோது கதவைத் திறக்காதவர் அவர்தான்.

பிறகு ஒரு இல்லத்தின் வழியாக, எல்லாம் கடிதமும் அறிக்கையுமாக, நிதானமாக நடந்தது. பெற்றவள் அந்த இல்லத்தில் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல் கோர்ட்டுக் கட்டில் சேர்ந்தது. ஓ.பி. மனுவை நானே டைப் அடித்தேன். என் வாழ்நாளில் பிழை இல்லாமல் அடித்த மனு அது ஒன்றுதான் என்று சீனியர் கேலி செய்வார். உத்தரவு வந்த அன்று பிள்ளைக்கு ஐந்து மாதம்.

சட்டம் தராத இடத்தைச் சபைப் பதிவேடு தந்தது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர், தாய் பெயர் என்ற இரண்டு கட்டத்திலும் போதகர் அத்தான் பெயரையும் அக்காள் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் அந்தத் தாராளம் கிடைக்கவில்லை. உத்தரவைப் பார்த்து ‘பாதுகாவலர்’ என்றே எழுதினார்கள். பிராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் அக்காள் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் போட வேண்டும். சொத்துக்கு அத்தான் உயில் எழுதிவைத்தார். பிள்ளைக்கு உயில் எழுதுகிற முப்பத்தைந்து வயதுக்காரரை சார்பதிவாளர் மேலும் கீழும் பார்த்தார்.

அக்காள் மகளான என் மருமகளிடம் இதை எப்போது, எப்படிச் சொல்வது என்று வீட்டில் பெரிய யோசனை நடந்துகொண்டிருந்தது. பள்ளி முடிந்த பிறகு என்றார் ஒருவர், கல்யாணத்துக்கு முன் என்றார் இன்னொருவர், சொல்லவே வேண்டாம் என்றது பெருங்கூட்டம். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதியைப் பிள்ளைக்கு மட்டும் மறைத்துவிடலாம் என்ற அந்த நம்பிக்கையை இன்றைக்கும் பல வீடுகளில் பார்க்கிறேன்.

1997 கிறிஸ்மஸ். அம்மை வீட்டில் பிள்ளைகள் கூட்டம். எங்கள் சின்னத் தாத்தாவுக்குப் பிள்ளைகளைச் சீண்டுவதுதான் சோலி. முந்திரிக்கொத்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே, ‘உன்னைய வடசேரிச் சந்தையில தவிட்டுக்கு வாங்கினதுலா’, ‘உன்னைய உமிக்கு வாங்கினது’, ‘நீ கருவாட்டுக்கு’ என்று வரிசையாகச் சொல்லி வந்தார். நம் ஊர்களில் பழைய விளையாட்டு. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைப் பிள்ளையை எமன் சட்டை செய்யமாட்டான் என்று கணக்கு. பிச்சை என்று பெயர் வைத்ததும் அதற்குத்தான். கிறிஸ்தவ வீடுகளிலும் அந்தக் கேலி மட்டும் மிச்சமாக நின்றது. வரிசையில் என் மருமகள் வந்ததும் தாத்தாவுக்கு நாக்கு நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இரண்டு முந்திரிக்கொத்து கையில் வைத்தார்.

ஆறு வயதுப் பிள்ளை விடுமா? ‘தாத்தா, என்னைய எதுக்கு வாங்கினது?’

பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பேச ஆரம்பித்தார்கள். அக்காள் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். ‘உன்னைய வாங்கல மக்களே. கோர்ட்டுல ஜட்ஜுகிட்டக் கேட்டு எடுத்தது. உன்னையப் பெத்த அம்மை வேற. அவளுக்கு வளக்க முடியல, அதனால குடுத்தா. மாமாதான் பேப்பர் எழுதினது, வேணும்னா கேட்டுப் பாரு.’

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றப் பிள்ளைகளைக் காட்டி, ‘அப்போ இவங்க எல்லாம் தவிட்டுக்குத்தானா?’ என்றது. பள்ளி திறந்ததும் வகுப்பில் போய், தன்னை ஜட்ஜு கொடுத்தார் என்றும் மற்ற எல்லாரும் சந்தையில் வாங்கினது என்றும் சொல்லி இரண்டு பிள்ளைகளை அழவைத்துவிட்டதாக டீச்சர் ஆள் அனுப்பினார். அதோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். பதினாலு வயதில் வேறு மாதிரிக் கேள்விகள் வந்தன, அக்காளுடன் மாதக்கணக்கில் பேசாமல் இருந்த காலமும் உண்டு. ஆனால் ஒளித்துவைத்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட அதிர்ச்சி அவளுக்கு வாய்க்கவில்லை.

சட்டம் பையப் பைய வந்தது. 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் கிறிஸ்தவத் தம்பதி தத்தெடுத்தது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது சீனியர் பேப்பரை என் மேசையில் போட்டு, ‘களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் கார்டியன்’ என்றார். 2000-இல் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2006-இல் அதற்குத் திருத்தம். 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று தெளிவாக்கியது. 2015-இல் புதிய சட்டம்; அதோடு மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வுக்குச் சட்ட அந்தஸ்தும் வந்தது. 2014 தீர்ப்பு வந்த வருடம் என் மருமகளுக்கு 23 வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் குமாரத்தி என்று வாசித்து, ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்துவார். அத்தான் அந்த மூன்று வாரமும் முன் பெஞ்சில் விறைத்து உட்கார்ந்திருந்தார். யாரும் மூச்சு விடவில்லை.

ஓலை வாசித்த பிறகு ஒரு நாள் மருமகள் ஆபீசுக்கு வந்தாள். ‘மாமா, எனக்க கட்டைப் பாக்கணும்.’ நகல் மனு போட்டு எடுத்துக் கொடுத்தேன். மனுவைப் புரட்டினாள், இல்லத்தின் அறிக்கையைப் புரட்டினாள், அந்தக் கடிதத்தில் வந்து நின்றாள். எழுதினது தமிழில் யாரோ. கீழே கையெழுத்து மலையாளத்தில். விளவங்கோடு பக்கம் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் அப்படித்தான் போடுவார்கள். அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன், பெயரை மட்டும். இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தேடப் போகிறாயா என்று கேட்டேன். ‘இப்ப இல்ல’ என்றாள். நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனாள். 15,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் இந்த ஒரு காகிதம் இருந்திருக்காது. அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் இருந்திருக்காது. இப்போதைய விதிகளில் 18 வயதான தத்துப் பிள்ளைக்குத் தன் வேரைத் தேட வழி வைத்திருக்கிறார்கள். பெற்றவள் விரும்பாவிட்டால் அவளுடைய மறைவு காக்கப்படும். ஆனால் முதலில் ஒரு பதிவு இருக்க வேண்டுமே.

கையெழுத்து இருப்பது ஒன்று, அது மனசோடு போட்டதா என்பது இன்னொன்று. 2021-இல் திருவனந்தபுரத்து அனுபமா வழக்கு எங்கள் கோர்ட்டு டீக்கடை டி.வி.யில் நாள் முழுக்க ஓடியது. 2020 அக்டோபரில் பிறந்த தன் ஆண்குழந்தையைத் தன் சம்மதம் இல்லாமல் பெற்றோர் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். குழந்தை, கைவிடப்படும் குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2002-இல் தொடங்கிய அம்மத்தொட்டிலுக்குப் போய், அங்கிருந்து ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் போய்விட்டது. தெருவில் உட்கார்ந்து போராடி, டி.என்.ஏ. சோதனை நடந்து, 2021 நவம்பர் 24-ஆம் தேதி கோர்ட்டு குழந்தையை அவரிடம் ஒப்படைத்தது. டீக்கடையில் பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள், பாதிப்பேர் அவர் அப்பாவைத் திட்டினார்கள். அந்த ஆந்திரப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் செய்தது ஒன்றும் தப்பில்லை. முறைப்படி வரிசையில் நின்று வாங்கிய குழந்தையை, தன்னை அம்மா என்று கூப்பிடப் பழகியிருக்கும் குழந்தையை, திருப்பிக் கொடுத்தார். வேறொருவர் மனசை யாரோ சரியாகக் கேட்காமல் விட்டதற்கு அவர் அழ வேண்டி வந்தது.

பெற்றவள் குழந்தையை ஒப்படைக்க வேண்டுமானால் இப்போது மாவட்டக் குழந்தைகள் நலக்குழு முன் நேரில் வர வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகும் மனம் மாற 2 மாதம் அவகாசம். கண்டெடுத்த குழந்தை என்றாலும் 2 வயதுக்கு உட்பட்டால் 2 மாதம் உறவினரைத் தேடிய பிறகே கொடுக்கலாம்; அதற்கு மேற்பட்ட வயதென்றால் 4 மாதம். எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த மாதங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். தோவாளை அண்ணன்காரருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். 2023-இல் என் சிநேகிதர் ஒருவரின் மகனும் மருமகளும் வடசேரியிலிருந்து வந்தார்கள். அவனுக்கு 43, அவளுக்கு 40. ‘சித்தப்பா, ஒரு காரியம்’ என்று அவன் வாசலைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. போனை நீட்டினான். வாட்ஸப்பில் யாரோ: பிறந்து பத்து நாளான பெண்குழந்தை, ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ளலாம், சர்ட்டிபிகேட் உங்கள் பெயரிலேயே. முப்பது வருடத்தில் தொகை மட்டும்தான் மாறியிருக்கிறது, லட்சக்கணக்கு.

ராசிபுரத்தை ஞாபகப்படுத்தினேன். 2019 ஏப்ரலில், முப்பது வருடமாகக் குழந்தை விற்று வருவதாக ஒரு முன்னாள் நர்ஸ் பேசிய ஆடியோ வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. விற்றவரோடு போகிற கேஸ் இல்லை இது. 2015 சட்டத்தின் 81-ஆம் பிரிவு வாங்கியவரையும் சேர்த்துத்தான் பிடிக்கும், 5 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் என்றால் 3 முதல் 7 வருடம். எல்லாவற்றையும்விட, வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். அவன் மனைவி போனை வாங்கி அந்த நம்பரை அழித்துவிட்டாள்.

உறவிலோ தெரிந்த இடத்திலோ பெற்றவர்களே மனதாரக் கொடுத்தால் இந்துக்களுக்கு 1956 சட்டம் இன்றைக்கும் உண்டு. அப்படி யாரும் இல்லை என்றால் காராவின் இணையதளம்தான் வழி. கல்யாணமாகி 2 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயது வரை உள்ள குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85 தாண்டக்கூடாது, இவர்களுக்கு 83. ஆதார், பான், வருமானச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் ஏற்றி, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதிய பிறகு காத்திருப்பு. நாடு முழுக்கக் காத்திருக்கும் பெற்றோர் 30,000-க்கும் மேல். சட்டப்படி கொடுக்கத் தயாராக இருக்கும் குழந்தைகள் சில ஆயிரம்தான். அவர்களிலும் பலர் வளர்ந்த பிள்ளைகள், அல்லது தனிக் கவனிப்பு வேண்டியவர்கள். கைக்குழந்தை என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகலாம். முறை வந்து படத்தையும் விவரத்தையும் காட்டினால் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். போய்ப் பார்த்து, ஏற்றுக்கொண்டால் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் வீட்டுக்கே கொண்டுவரலாம். உத்தரவு பின்னால் வரும். 2022 செப்டம்பரிலிருந்து அந்த உத்தரவைப் போடுவது கோர்ட்டு இல்லை, மாவட்ட ஆட்சியர். பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பெயர் சட்டப்படியே வரும். அக்காளுக்குக் கிடைக்காதது. பிறகு 2 வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அரசு விதித்த கட்டணம் இணையதளத்தில் போட்டிருக்கும். அதற்கு மேல் எவன் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன்.

சமூகப் பணியாளர் வந்த அன்று நானும் போயிருந்தேன். சின்னப் பெண், ஸ்கூட்டியில் வந்தாள். சம்பளம், கடன், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது என்று வரைக்கும் கேட்டாள். பையனின் அம்மை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்கள்: ‘மக்களே, பிள்ளை என்ன ஆளுக?’

‘அது எங்களுக்கும் தெரியாதும்மா. மாநிலம் கேப்பாங்க, வயசு கேப்பாங்க, ஆணா பொண்ணான்னு கேப்பாங்க. சாதிக்குக் கட்டம் இல்ல.’

அம்மைக்கு முகம் சரியில்லை. மூன்று மாதம் மகனோடும் மருமகளோடும் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. பிறகு எப்படி மாறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மருமகள் தளத்தில் வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அம்மையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எண் குறைந்த மாதம் பாயசம்.

போன மாதம் அவன் போன் செய்தான். வயது விருப்பத்தை 2 வரை என்பதிலிருந்து 2 முதல் 4 என்று மாற்றலாமா என்று வீட்டில் வாக்குவாதமாம். அவனுக்குக் கைக்குழந்தைதான் வேண்டும், பல் முளைப்பதைப் பார்க்க வேண்டும். மருமகளுக்கு இரண்டும் சம்மதம். அம்மைதான் பிடித்த பிடியை விடவில்லையாம்: ‘எனக்கு முட்டு கொள்ளாதுலே. இடுப்புல தூக்கி வச்சு எவ நடப்பா? நடக்கிற பிள்ளையா வரட்டும், கையப் பிடிச்சு நாகராஜா கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்.’

மாற்றிவிட்டார்கள்.